பொடியெழுத்துப் பெருமானுக்கு ஒரு புகழ்மாலை

கட்டாய மத்தியஸ்தப் பெருமானே! எளியவர்க்கு இரங்குவதில் உங்களுக்கு இணையான தெய்வம் அமெரிக்காவில் இன்னொன்று இல்லை. கோர்ட்டு வாசலில் கால்கடுக்க நிற்க வேண்டாம், வாய்தா வாங்கியே வயசாக வேண்டாம், பன்னிரண்டு ஜூரிகளின் முகத்தைப் பார்த்துப் பதற வேண்டாம் என்று வேலைக்காரனுக்கும் வாடிக்கையாளனுக்கும் வரம் அருளியவர் நீங்கள். கேட்டவருக்கு மட்டும் வரம் கொடுப்பது மற்ற தெய்வங்களின் வழக்கம். கேட்காதவருக்கும், வேண்டாம் என்றவருக்கும், கொடுத்ததே தெரியாதவருக்கும் வரம் கொடுப்பவர் நீங்கள் ஒருவர்தான்.

உங்களுக்குக் கோபுரம் கிடையாது, கொடிமரம் கிடையாது. செல்போன் வாங்கும்போதும் கிரெடிட் கார்டு வரும்போதும், வேலைக்குச் சேரும் அன்று நீட்டப்படும் காகிதக் கட்டிலும், வயதான தாயை முதியோர் இல்லத்தில் சேர்க்கிற படிவத்திலும், யாரும் புரட்டாத பக்கத்தில் பொடியெழுத்தில் எழுந்தருளியிருக்கிறீர்கள். நமக்குள் எந்தத் தகராறு வந்தாலும் கோர்ட்டுக்குப் போகக்கூடாது, ஒப்பந்தத்தில் சொன்ன அமைப்பின் மத்தியஸ்தர் முன்னால்தான் வர வேண்டும், அதுவும் தனியாளாக வர வேண்டும் என்பதே உங்கள் மூலமந்திரம். 2017இல் எடுத்த ஒரு கணக்கெடுப்பின்படி, யூனியன் இல்லாத தனியார் துறை ஊழியர்களில் பாதிக்கு மேற்பட்டவர்கள், ஏறத்தாழ 6 கோடிப் பேர், உங்கள் அடியார்கள். அமெரிக்க அரசின் நுகர்வோர் நிதிப் பாதுகாப்பு ஆணையம் 2015இல் வெளியிட்ட ஆய்வு உங்கள் அடக்கத்துக்கு ஒரு சான்று: கிரெடிட் கார்டு வைத்திருப்பவர்களில் நான்கில் மூன்று பேருக்குத் தங்கள் ஒப்பந்தத்தில் நீங்கள் இருக்கிறீர்களா இல்லையா என்பதே தெரியவில்லை. விளம்பரம் தேடாத இப்படியொரு பெருந்தன்மையை வேறு எங்கே காண்போம்?

உங்கள் பிறப்பும் எளியதுதான். 1925இல் உங்களுக்கென ஒரு சட்டம் பிறந்தபோது, சரக்கு விற்ற வியாபாரியும் வாங்கிய வியாபாரியும் தங்களுக்குள் விரைவாகத் தீர்த்துக்கொள்ள ஒரு வழி வேண்டும் என்றுதான் கேட்டார்கள். இருவரும் சமபலம் உள்ளவர்கள், இருவரும் விரும்பிக் கையெழுத்திட்டவர்கள். மாலுமிகள் சங்கத் தலைவர் ஆண்ட்ரூ ஃபுருசெத் மட்டும் அப்போதே சந்தேகப்பட்டார். வேறு வழியில்லாமல் வேலைக்குச் சேரும் தொழிலாளியின் கழுத்தில் இது விழுந்துவிடும் என்று எச்சரித்தார். அவர் மனம் ஆறட்டும் என்று சட்டத்தின் முதல் பிரிவிலேயே எழுதினார்கள்: மாலுமிகள், ரயில்வே ஊழியர்கள், வெளிநாட்டு வணிகத்திலோ மாநிலங்களுக்கு இடையேயான வணிகத்திலோ ஈடுபட்ட மற்றத் தொழிலாளர்கள் ஆகியோரின் வேலை ஒப்பந்தத்துக்கு இந்தச் சட்டம் பொருந்தாது.

நீங்கள் அவசரப்படவில்லை. 76 வருஷம் பொறுத்திருந்தீர்கள். 2001இல், கலிஃபோர்னியாவில் ஓர் எலக்ட்ரானிக்ஸ் கடையில் விற்பனையாளராக இருந்தவரின் வழக்கில், உச்ச நீதிமன்றம் ஐந்துக்கு நான்கு என்ற கணக்கில் உங்களுக்குக் கதவைத் திறந்துவிட்டது. மாலுமி, ரயில்வேக்காரர் என்று சொல்லிவிட்டு "மற்றத் தொழிலாளர்கள்" என்று சொன்னால், அது சரக்கையும் ஆட்களையும் ஏற்றிச் செல்லும் போக்குவரத்துத் தொழிலாளிகளை மட்டுமே குறிக்கும். கடைக்காரப் பையனும் கணக்கெழுதுபவரும் நர்ஸும் சமையல்காரரும் அதில் சேரமாட்டார்கள் என்று தீர்ப்பாயிற்று. பாதுகாப்புக்காக எழுதிய வரியே உங்களுக்கு நடைபாதை ஆயிற்று. அந்தச் சாமர்த்தியத்தைப் புகழ எனக்குச் சொல் போதவில்லை.

தனிமனிதனின் மதிப்பை உங்களைப் போல உணர்ந்தவர் யார்? கூட்டம் சேர்ந்தால் மனிதன் தொலைந்துவிடுவான் என்பது உங்கள் கொள்கை. ஒரு செல்போன் கம்பெனி போன் இலவசம் என்று விளம்பரம் செய்து, கையில் கொடுக்கும்போது விற்பனை வரி என்று 30 டாலர் 22 சென்ட் வாங்கிக்கொண்டது. கலிஃபோர்னியாவில் ஒரு தம்பதி, தங்களைப் போல ஏமாந்த எல்லோருக்காகவும் சேர்த்து வழக்குப் போட்டார்கள். 2011இல் உச்ச நீதிமன்றம் மறுபடியும் ஐந்துக்கு நான்கு என்று தீர்த்தது: கூட்டு வழக்கைத் தடுக்கும் ஒப்பந்தம் செல்லும், மாநிலச் சட்டம் குறுக்கே வர முடியாது. 30 டாலர் 22 சென்ட் வழக்கை அறிவுள்ள எந்த வக்கீல் எடுத்து நடத்துவார் என்று மாறுபட்ட தீர்ப்பில் நீதிபதி பிரேயர் கேட்டார். அவருக்கு உங்கள் தத்துவம் புரியவில்லை. பத்து லட்சம் பேரிடம் தலைக்கு 30 டாலர் எடுத்தால் கம்பெனிக்கு 3 கோடி டாலர். பறிகொடுத்தவனுக்கோ அது வெறும் 30 டாலர். எடுப்பவர் மொத்தமாக எடுக்கலாம், கேட்பவர் மட்டும் ஒவ்வொருவராகத்தான் வர வேண்டும் என்ற அந்த ஒழுங்கை வகுத்தது நீங்கள்.

சம்மதம் வாங்குவதிலும் உங்களுக்குத் தனி நயம் உண்டு. 2014இல் விஸ்கான்சினில் ஒரு மென்பொருள் கம்பெனி தன் ஊழியர்களுக்கு மின்னஞ்சல் அனுப்பியது. சம்பளம், ஓவர்டைம் பற்றிய எந்தப் புகாரானாலும் இனி தனித்தனியாக மத்தியஸ்தத்துக்குத்தான் வர வேண்டும். நீங்கள் தொடர்ந்து வேலைக்கு வந்தால் இதற்குச் சம்மதித்ததாக அர்த்தம். வேறென்ன செய்வார்கள்? வேலைக்கு வந்தார்கள். அந்தச் சம்மதம் செல்லும் என்று 2018இல் உச்ச நீதிமன்றம் சொன்னது, மறுபடியும் ஐந்துக்கு நான்கு. ஒன்றுசேர்ந்து உரிமை கேட்கலாம் என்று 1935ஆம் ஆண்டுச் சட்டமே சொல்கிறதே என்று வயது முதிர்ந்த நீதிபதி ரூத் பேடர் கின்ஸ்பர்க் தம் மாறுபட்ட கருத்தை மன்றத்திலேயே வாய்விட்டுப் படித்தார். அப்படிப் படிப்பது அங்கே அபூர்வம். எழுதினால் போதாது, எல்லோர் காதிலும் விழ வேண்டும் என்று அந்த அம்மாள் நினைத்த விஷயம் இது.

உங்கள் நடுநிலைமையைப் பற்றிச் சொல்லாவிட்டால் இந்த மாலை முழுமையாகாது. ஹார்வர்டு சட்டப் பேராசிரியை எலிசபெத் பார்த்தலெட், உங்கள் பெரிய ஆலயங்களில் ஒன்றான தேசிய மத்தியஸ்த மன்றத்தில் மத்தியஸ்தராக இருந்தார். ஒரு கிரெடிட் கார்டு கம்பெனியின் வழக்குகள் அடுத்தடுத்து அவரிடம் வந்தன. அதில் ஒன்றில் கார்டு வைத்திருந்தவருக்குச் சாதகமாக, கம்பெனி பணம் தர வேண்டும் என்று தீர்த்தார். அதன்பின் அந்தக் கம்பெனியின் மிச்ச வழக்குகளிலிருந்து அவரை எடுத்துவிட்டார்கள். அவருக்கு நேரம் ஒத்துவரவில்லை என்று கட்சிக்காரர்களுக்குக் கடிதம் போயிற்று என்றும், அது உண்மையல்ல என்றும் அவரே வெளியில் சொன்னார். கம்பெனி ஆயிரம் வழக்கோடு திரும்பத் திரும்ப வரும் வாடிக்கையாளர், கடன்காரர் ஆயுளில் ஒரே முறை வருபவர் என்பதை மறக்காத மன்றம் அது. கடன் வசூல் செய்பவர்களோடு அதற்குப் பணத் தொடர்பு இருந்தது என்று மினசோட்டா மாநில அட்டர்னி ஜெனரல் 2009 ஜூலையில் வழக்குப் போட்டார். சில நாட்களிலேயே நுகர்வோர் வழக்குகளை இனி எடுப்பதில்லை என்று மன்றம் எழுதிக்கொடுத்து ஒதுங்கியது. அதுவரை வந்த தீர்ப்புகளால் வீட்டில் சமாதானம் இழந்தவர்களுக்கு யார் எதை எழுதிக்கொடுத்தார்கள்?

வெற்றி தோல்வியையும் நீங்கள் சீராகவே பங்கிட்டிருக்கிறீர்கள். முன்பு சொன்ன நுகர்வோர் நிதிப் பாதுகாப்பு ஆணையம் 2010, 2011 இரண்டு வருஷங்களில் தொடுக்கப்பட்ட நிதிச் சேவை வழக்குகளை எண்ணிப் பார்த்தது. மத்தியஸ்தர் முடிவுவரை போன வழக்குகளில், கடன் தள்ளுபடி அல்லாத நிவாரணம் பெற்ற நுகர்வோர் 32 பேர். அவர்களுக்குக் கிடைத்தது மொத்தம் சுமார் 1 லட்சத்து 72 ஆயிரம் டாலர். கம்பெனிகளுக்குக் கிடைத்தது சுமார் 28 லட்சம் டாலர். கூட்டு வழக்குச் சமரசங்களிலோ வருஷத்துக்கு ஏறத்தாழ 3 கோடியே 20 லட்சம் பேர் நிவாரணத்துக்குத் தகுதி பெற்றார்கள் என்கிறது அதே ஆய்வு. இந்த அநாவசியக் கூட்ட நெரிசலைத்தான் நீங்கள் தவிர்க்கப் பார்க்கிறீர்கள்.

அந்த ஆய்வை வைத்துக்கொண்டு, வங்கிகளும் கார்டு கம்பெனிகளும் கூட்டு வழக்கைத் தடுக்கும் பிரிவைப் போடக்கூடாது என்று ஆணையம் 2017 ஜூலையில் விதி செய்தது. அக்டோபரில் செனட்டில் ஓட்டெடுப்பு 50க்கு 50 என்று நின்றது. துணை அதிபர் பென்ஸ் இரவில் நேரே வந்து தம் ஓட்டைப் போட்டு உங்களைக் காப்பாற்றினார். வாடிக்கையாளருக்குத் தெரியாமல் லட்சக்கணக்கில் கணக்குகள் திறந்ததற்காக வெல்ஸ் ஃபார்கோ வங்கி 18 கோடியே 50 லட்சம் டாலர் அபராதம் கட்டி அப்போதுதான் ஒரு வருஷம் கடந்திருந்தது. 2016இல் அந்த மோசடி அம்பலமாகும் முன்பே சில வாடிக்கையாளர்கள் வழக்குப் போட்டிருந்தார்கள். தாங்கள் திறக்காத கணக்குக்குக்கூடத் தாங்கள் போட்ட பழைய கையெழுத்து செல்லும் என்று வங்கி வாதாட, அவர்கள் உங்கள் மூடிய அறைக்கு அனுப்பப்பட்டார்கள். அறைக்குள் நடப்பது அறைக்குள்ளேயே இருந்ததால் அடுத்த வீட்டுக்காரருக்குத் தெரியவில்லை. ரகசியம் காப்பதில் நீங்கள் மலைபோல் நிற்பவர்.

உங்கள் கை எவ்வளவு நீளம் என்பதை 2024இல் உலகமே பார்த்தது. ஃபுளோரிடாவில் டிஸ்னியின் கடைவீதியில் உள்ள ஓர் உணவகத்தில், ஒவ்வாமை இருக்கிறது என்று சொல்லிச் சொல்லிக் கேட்டுச் சாப்பிட்ட ஒரு பெண் மருத்துவர் 2023 அக்டோபரில் இறந்துபோனார் என்று அவர் கணவர் வழக்குத் தொடர்ந்தார். கணவர் 2019இல் டிஸ்னியின் படம் பார்க்கும் செயலிக்கு ஒரு மாத இலவசச் சந்தா சேர்ந்திருந்தார். பொழுதுபோக்குப் பூங்காவுக்கு டிக்கெட்டும் வாங்கியிருந்தார். அப்போது ஒப்புக்கொண்ட நிபந்தனைகளின்படி இந்த மரணமும் மத்தியஸ்தத்துக்குத்தான் வர வேண்டும் என்று டிஸ்னி மனுப் போட்டது. ஊர் முழுக்கக் காறித் துப்பிய பிறகு ஆகஸ்டில் அந்த வாதத்தைத் திரும்பப் பெற்றது. சட்டம் தடுத்து அவர்கள் பின்வாங்கவில்லை. வெட்கம் தடுத்தது. வெட்கம் எல்லாக் கம்பெனிக்கும் எல்லா நாளும் வருவதில்லை.

கனடாவுக்கும் போய்ப் பார்த்தீர்கள். டொரொன்டோவில் சாப்பாடு கொண்டுபோய்க் கொடுக்கும் ஊபர் ஓட்டுநர் ஒருவர் வாரம் 400 முதல் 600 டாலர்வரை சம்பாதித்தார். கம்பெனியோடு தகராறு என்றால் அவர் நெதர்லாந்தில் மத்தியஸ்தம் கேட்க வேண்டும், தொடங்கவே 14,500 அமெரிக்க டாலர் கட்ட வேண்டும். 2020இல் கனடா உச்ச நீதிமன்றம் இது மனசாட்சிக்கு ஒவ்வாத பேரம் என்று தள்ளிவிட்டது. அங்கே உங்களுக்கு அடியார்கள் குறைவு போலும்.

இனி உங்கள் வாழ்க்கையின் மிகப் பெரிய நாளுக்கு வருகிறேன். தனித்தனியாக வாருங்கள் என்று நீங்கள் வருஷக்கணக்கில் அழைத்துக்கொண்டிருந்தீர்கள். ஒரு நாள் உண்மையிலேயே வந்துவிட்டார்கள். டோர்டாஷ் கம்பெனிக்குச் சாப்பாடு சுமக்கும் ஆயிரக்கணக்கான தொழிலாளிகள், எங்களை ஊழியர் என்று கணக்கில் வைக்காமல் சம்பளத்தில் ஏமாற்றுகிறார்கள் என்று ஆளுக்கொரு மத்தியஸ்த மனுப் போட்டார்கள். கம்பெனி எழுதிய விதி, கம்பெனி தேர்ந்தெடுத்த அமைப்பு. கம்பெனி தன் பங்குக்குக் கட்ட வேண்டிய கட்டணம் மனுவுக்கு 1,900 டாலர். கம்பெனி கட்ட மறுத்தது. தொழிலாளிகள் கோர்ட்டுக்குப் போய், எங்களை மத்தியஸ்தத்துக்கு அனுப்புங்கள் என்று கெஞ்சினார்கள். கம்பெனியோ வேறொரு கோர்ட்டில் கூட்டு வழக்கில் சமரசம் பேசுகிறோம், அதுவரை இதை நிறுத்திவையுங்கள் என்றது. கூட்டு வழக்கே கூடாது என்று கையெழுத்து வாங்கியவர்கள் கூட்டு வழக்கின் நிழலில் ஒதுங்கப் பார்த்தார்கள். சான் ஃபிரான்சிஸ்கோ நீதிபதி வில்லியம் ஆல்சப் 2020 பிப்ரவரியில் இந்தப் பாசாங்கைச் சுடச்சுடக் கண்டித்து, 5,010 பேரோடும் தனித்தனியாக மத்தியஸ்தம் நடத்து என்று உத்தரவிட்டார். கட்டணம் மட்டும் சுமார் 95 லட்சம் டாலர். அமேசானுக்கு எதிராகவும் 75,000 மனுக்கள் குவிந்தன. 2021இல் அது தன் வாடிக்கையாளர் ஒப்பந்தத்திலிருந்து உங்களையே எடுத்துவிட்டு, கோர்ட்டுக்கே வாருங்கள் என்று எழுதிவிட்டது. உங்களைப் பூசித்தவர்கள் உங்கள் வரத்தை நம்பவே இல்லை, பெருமானே. யாரும் கேட்டு வரமாட்டார்கள் என்பதைத்தான் நம்பியிருந்தார்கள். விரைவு, சிக்கனம், எளிமை என்று உங்களைப் பற்றிப் பாடிய பாட்டு முழுவதையும் அந்த ஒரு கட்டண ரசீது பொய்யாக்கிவிட்டது.

இதைத் திருத்த முடியாதா? முடியும் என்று காட்டியாயிற்று. கிரெட்சன் கார்ல்சன் என்ற தொலைக்காட்சி செய்தியாளர் 2016இல் தம் மேலதிகாரிமேல் பாலியல் தொல்லைப் புகார் சொன்னபோது, அவரையும் உங்கள் அறைக்குள் தள்ளப் பார்த்தார்கள். 2018 நவம்பரில், இந்தக் கட்டாயத்தையும் எதிர்த்து, கூகுள் ஊழியர்கள் ஏறத்தாழ 20,000 பேர் வேலையை நிறுத்திவிட்டு வெளியே வந்து நின்றார்கள். அடுத்த மார்ச்சில் கூகுள் தன் ஊழியர்களுக்கு உங்களைக் கட்டாயமாக்குவதை நிறுத்தியது. 2022 மார்ச்சில் சட்டமே வந்தது. பாலியல் தொல்லை வழக்கில் முன்பே போட்ட மத்தியஸ்தக் கையெழுத்து பாதிக்கப்பட்டவரைக் கட்டாது. கோர்ட்டா மத்தியஸ்தமா என்பதை அவரே தேர்ந்துகொள்ளலாம். அதே நியாயத்தைச் சம்பளம் பறிபோனவருக்கும் ஏமாந்த வாடிக்கையாளருக்கும் விரிக்கும் மசோதா 2019இலும் 2022இலும் பிரதிநிதிகள் சபையில் நிறைவேறியது, செனட்டைத் தாண்டவில்லை. அந்த மசோதா மத்தியஸ்தத்தை ஒழிக்கச் சொல்லவில்லை. தகராறு வந்த பிறகு இருவரும் மனமொத்துக் கேட்டால் நடக்கட்டும் என்கிறது. 1925இன் வியாபாரிகள் கேட்டதும் அவ்வளவுதான்.

நம் ஊரிலும் உங்களுக்குச் சன்னிதி உண்டு. வாகனக் கடன் தொழிலுக்குச் சென்னை ஒரு பெரிய தலைநகர். எங்கோ தொலைவில் லாரி ஓட்டுபவர் நான்கு டியூ தவறினால், ஒப்பந்தத்தில் இடம் சென்னை என்று இருக்கும் பட்சத்தில், சென்னையிலிருந்து ஆர்பிட்ரேஷன், அதாவது மத்தியஸ்த நோட்டீஸ், தபாலில் போகிறது. தக்கபடி விசாரித்தும் அவர் இருக்கும் விலாசம் கிடைக்காவிட்டால், கடைசியாகத் தெரிந்த விலாசத்துக்கு அனுப்பினால் சேர்ந்ததாகவே நம் 1996ஆம் ஆண்டு மத்தியஸ்தச் சட்டம் கொள்கிறது. அவர் வராவிட்டால் வராமலே விசாரணை முடிகிறது. வண்டியை எடுத்துக்கொள்ள இடைக்கால உத்தரவும் பிறக்கலாம். தீர்ப்பைக் கடன்காரரின் சொத்து இருக்கிற எந்த ஊர்க் கோர்ட்டிலும் நேரே நிறைவேற்றலாம் என்று 2018இல் நம் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. எதிர்த்துப் போட வேண்டும் என்றால் மட்டும் அவர் சென்னைக்கு ரயில் ஏற வேண்டும்.

ஆனால் இந்தியச் சட்டம் ஓரளவு கண் விழித்திருக்கிறது. மத்தியஸ்தம் என்ற பிரிவு ஒப்பந்தத்தில் இருந்தாலும் நுகர்வோர் ஆணையத்துக்குப் போகலாம் என்று 2018 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் உறுதி செய்தது. ஒரு தரப்போடு தொழில் தொடர்பு உள்ளவர் மத்தியஸ்தராக முடியாது என்று 2015ஆம் ஆண்டுத் திருத்தம் சொல்கிறது. முடிவில் தனக்கு லாபநஷ்டம் உள்ள தரப்பு ஒற்றையாளாக மத்தியஸ்தரை நியமிக்க முடியாது என்று 2019இல் தீர்ப்பு வந்தது. 2024 நவம்பர் 8 அன்று ஐந்து நீதிபதிகள் அமர்வும் ஒருதலை நியமனம் கூடாது என்று கூறியது. இவ்வளவு இருந்தும், இதெல்லாம் தெரியாதவர் வீட்டுக்கு நோட்டீஸ் போய்க்கொண்டுதான் இருக்கிறது. தெரியாதவரை நம்பித்தான் இந்தத் தொழிலே நடக்கிறது.

வாசகரே, இனி உங்களிடம் பேசுகிறேன். உங்கள் வீட்டிலோ தெருவிலோ யாருக்காவது அப்படியொரு தபால் வந்தால் பிரிக்காமல் பரணில் போட விடாதீர்கள். கடன் கட்ட வேண்டியது உண்மையாக இருந்தாலும், 'கம்பெனி தானாக நியமித்த இந்த மத்தியஸ்தரை நான் ஏற்கவில்லை' என்று உடனே எழுதி ஸ்பீட் போஸ்டில் பதிவு செய்து அனுப்பி, ரசீதைப் பத்திரமாக வையுங்கள். தகராறு வந்த பிறகு அவரை ஏற்பதாக எந்தத் தாளிலும் கையெழுத்துப் போடாதீர்கள், ஏனென்றால் அந்தக் கையெழுத்து ஒன்றுதான் அந்தத் தடையை நீக்கும். தீர்ப்பு ஏற்கெனவே வந்துவிட்டதா? நகல் கைக்குக் கிடைத்த நாளிலிருந்து மூன்று மாதத்துக்குள் எதிர்த்து மனுப் போட வேண்டும். தக்க காரணம் இருந்தால் கூடுதலாக 30 நாள் கிடைக்கும், அதற்கு மேல் ஒரு நாளும் கிடையாது. வண்டியைச் சொந்தப் பிழைப்புக்காகத் தானே ஓட்டுகிறவர் என்றால் அவரும் நுகர்வோர்தான். மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் தாமே நின்று பேசலாம். வக்கீல் கட்டாயம் இல்லை.